மெல்லிய போர்டு எத்தனை மில்லிமீட்டர்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறி. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, பெட்டியின் பக்கவாட்டில் நான் செய்து கொடுத்த மின்சுற்றுப் பலகை. முதலில் வைத்தது 0.8 மில்லிமீட்டர் தடிமன். ஒரு மழைக்காலத்தைக்கூட அது முழுதாகத் தாண்டவில்லை. மெல்லிய போர்டுக்கு எந்தத் தடிமனை எடுப்பது என்ற கேள்வியை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வடிவமைப்பவர் ஒரு பதில் சொல்கிறார், போர்டு அடித்துத் தருபவர் வேறொன்று சொல்கிறார், பாகங்களை ஒட்டும் தொழிற்சாலைக்காரருக்கு மூன்றாவது கவலை இருக்கிறது. அவற்றை ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்த் தறிகள் பலவற்றில் இன்றும் துளையிட்ட அட்டைதான் டிசைனை வைத்திருக்கிறது. துளை இருந்தால் கொக்கி ஏறும், இல்லாவிட்டால் இருந்த இடத்தில் நிற்கும். மின்னணு ஜக்கார்டில் அட்டைக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மின்காந்தங்கள். டிசைன் ஒரு மெமரி கார்டில் அடங்கிவிடும். ஆனால் மிதி மிதிதான். கால் இறங்கும் ஒவ்வொரு முறையும் பெட்டி ஒரு தட்டு வாங்கும். நான் போர்டை நான்கு மூலையிலும் திருகிவிட்டு, மின்காந்தங்களுக்குப் போகும் நாடாக் கேபிளின் கனெக்டரைப் பலகைக்கு நட்டநடுவில் வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது.

ஐப்பசியில் புட்டா ஒன்றில் ஒரு இழை மட்டும் தப்பத் தொடங்கியது. வெயில் அடித்தால் சரியாகிவிடும். “மழைக்குத்தான் வருது தம்பி, தறியில ஒண்ணும் குத்தமில்ல” என்றார் நெசவாளர். நான் நம்பாமல் இரண்டு வாரம் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் கனெக்டருக்குப் பக்கத்தில் இருந்த பீங்கான் கெப்பாசிட்டரைக் கழற்றிப் பக்கவாட்டில் தேய்த்துப் பார்த்தால், உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல். கேபிளைச் செருகக் கட்டைவிரலால் அழுத்தும்போதெல்லாம் நடுப்பலகை குழிந்திருக்கிறது. பலகை திரும்ப நிமிர்ந்துகொண்டது, பீங்கானுக்கு அந்தக் குணம் கிடையாது. விரிசலுக்குள் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும், காய்ந்தால் நின்றுவிடும். அவர் சொன்னது அப்படியே உண்மை.

கெட்ட போர்டை அவர் கையில் வாங்கி, பாகம் இல்லாத ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுலயும் பாவு, ஊடை ஓடுதே” என்றார். பிறகு விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, “புடவையில ஒடம்பு ஒரு கனம், பேட்டு ஒரு கனம். கோர்வை ரெண்டையும் புடிச்சிக்கும். ஒன் பலகைய எது புடிச்சிக்குது?” என்று கேட்டார். பேட்டு என்பது புடவையின் கரை, கோர்வை என்பது உடலையும் கரையையும் பிணைக்கும் நெசவு. தடிமனைப் பற்றி நான் பிற்பாடு படித்ததில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான விளக்கவுரை என்றே சொல்வேன்.

1.6 எங்கிருந்து வந்தது

கடையில் போய் வெறுமனே போர்டு கேட்டால் 1.6 மி.மீ. கொடுப்பார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில் அச்சிட்ட சுற்றோடு ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளின் அருகாமை ஃபியூஸ்களில் இந்த உத்தி பெரிய அளவில் பயன்பட்டது. போருக்குப் பிறகு வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள் வந்தது. அந்தக் காலத்தில் எளிதாகக் கிடைத்த பேக்கலைட் தகடு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.59 மி.மீ. ஓரக் கனெக்டர்களை அந்தத் தகட்டுக்கு ஏற்பச் செய்தார்கள்; பிறகு கனெக்டருக்காகத் தகடு அதே தடிமனில் நின்றது. கம்ப்யூட்டரின் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு இன்றும் அதையொட்டிய 1.57தான். பேக்கலைட் போய், 1968இல் பெயர் சூட்டப்பட்ட எஃப்ஆர்-4 என்ற கண்ணாடியிழை-எப்பாக்சி வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே 1.6 எந்தக் கணக்கிலிருந்தும் பிறந்ததல்ல. ஆனாலும் அதை அலட்சியப்படுத்த மாட்டேன். திருகு, தூண், கனெக்டர், பாகம் ஒட்டும் அடுப்புக்குள் போகும் தண்டவாளம் என்று எல்லாமே அதற்குப் பழகியிருக்கின்றன. அதைவிட்டு இறங்கும் ஒவ்வொரு படியிலும் பழக்கத்தை இழந்து அதற்குப் பதிலாக ஏதோ ஒன்றைப் பெறுகிறோம். அந்த ஏதோ ஒன்று என்ன என்று பெயர் சொல்ல முடிய வேண்டும்.

மெல்லியது என்று இங்கே சொல்வது 1.0க்குக் கீழே: 0.8, 0.6, 0.4 மி.மீ. கைக்கு ஒரு அளவு வேண்டுமென்றால் பணப்பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையை எடுத்துப் பாருங்கள்; அதன் தடிமன் 0.76 மி.மீ.

கண்ணாடித் துணி

நெசவாளர் வெளிச்சத்தில் பார்த்தது நிஜமான நெசவு. எஃப்ஆர்-4 தகடு என்பது கண்ணாடி நூலில் நெய்த துணியை எப்பாக்சியில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்தியது. துணிகளுக்கு எண் பெயர்கள் உண்டு. 7628 கனத்த துணி. அங்குலத்துக்குப் பாவில் சுமார் 44 இழை, ஊடையில் 31. 1080 மெல்லியது, 60க்கு 47, நூலும் மிகச் சன்னம். 106 அதைவிடச் சன்னம், கிட்டத்தட்ட சல்லாத்துணி. பிசினோடு சேர்த்துப் பார்த்தால் 7628இன் ஒரு அடுக்கு 0.2 மி.மீ.யை நெருங்கும், 2116 என்பது 0.11 முதல் 0.12 வரை, 1080 சுமார் 0.07, 106 சுமார் 0.05. பிசின் எவ்வளவு என்பதைப் பொறுத்து இவை கொஞ்சம் கூடக் குறைய வரும்.

தடிமன் என்பது கத்தியால் வெட்டி எடுக்கும் அளவல்ல, அடுக்கின் கூட்டுத்தொகை. நான்கு அடுக்குச் செம்புள்ள 0.8 போர்டு ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம். நடுவில் ஏற்கெனவே அழுத்தி இறுகிய 0.4 மி.மீ. தகடு, அதைக் கோர் என்பார்கள். அதன் இருபக்கமும் உள் செம்பு, பக்கத்துக்கு 0.0175. அதற்கு மேல் 2116 துணி ஒரு அடுக்கு, பக்கத்துக்கு 0.11. வெளிச் செம்பு பக்கத்துக்கு 0.035. பச்சைப் பூச்சு பக்கத்துக்கு 0.02 என்று வைப்போம். மொத்தம் 0.765. “0.8 கேட்டேன், 0.77 வந்திருக்கிறது” என்று வெர்னியரோடு சண்டைக்குப் போக வேண்டாம்; வழக்கமாக அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் பத்து சதவீதம், 0.72இலிருந்து 0.88 வரை எல்லாமே சரக்குதான். இதைவிட இறுக்கமாக வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத வேண்டும். தடிமனில் செம்பும் பூச்சும் சேர்த்தியா, இல்லையா என்பதையும் எழுத வேண்டும். 1.6இல் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 0.4இல் செம்பும் பூச்சும் மட்டுமே தடிமனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும்.

மெல்லிய போர்டின் பெரிய வியாதி கோணல். அதற்கு விதை துணியிலேயே இருக்கிறது. நம் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய இழைக்கு ஒரு விறைப்பு, குறுக்கே போகும் இழைக்கு இன்னொன்று. கண்ணாடித் துணியிலும் பாவுவாட்டில் சூட்டுக்கு ஏற்படும் நீட்டம், சுருக்கம் ஒரு மாதிரி, ஊடைவாட்டில் வேறு மாதிரி. அடுக்கும்போது ஒரு துணியைப் பாவுவாட்டிலும் அடுத்ததை ஊடைவாட்டிலும் வைத்துவிட்டால், அழுத்திக் குளிர்ந்ததும் பலகை அப்பளம் போலத் திருகிக்கொள்ளும். நேராக்க வழியில்லை. ஆங்கிலத்தில் பாவுக்கும் பலகைக் கோணலுக்கும் ‘வார்ப்’ என்ற ஒரே சொல் இருப்பது போர்டு தொழிலில் பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது.

செம்பும் இதே விளையாட்டை ஆடும். மேல்பக்கம் முழுக்கச் செம்பை நிரப்பிவிட்டு அடிப்பக்கம் நாலு கோடு மட்டும் ஓட்டினால், சூட்டில் இருபுறமும் வெவ்வேறாக இழுக்கும். தடித்த பலகை அந்த இழுப்பை எதிர்த்து நிற்கும். 0.6 நிற்காது. நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் துணி, பிசின், செம்பு மூன்றும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும் என்பது பாலபாடம். மெல்லிய போர்டில் அந்தப் பாடத்தை மறந்தால் முதல் தொகுதியிலேயே தெரிந்துவிடும்.

விறைப்பின் கணக்கு

தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும் என்றுதான் மனசு சொல்கிறது. அப்படியில்லை. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். 1.6இன் விறைப்பில் 0.8க்கு எட்டில் ஒரு பங்கு, 0.4க்கு அறுபத்துநாலில் ஒரு பங்கு. அதே விரல் அதே பலத்தில் அழுத்தினால் 0.8 எட்டு மடங்கு குழியும். என் போர்டின் கதை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. பல வழிகாட்டிகள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இரண்டு பலகைகளை ஒரே வளைவுக்கு, சொல்லப்போனால் ஒரே உருளையின் மேல் படியும்படி, வளைத்தால், மெல்லிய பலகையின் மேற்பரப்பு குறைவாகத்தான் நீளும். நீட்சி தடிமனுக்கு நேர் விகிதம். அதாவது வளைவின் அளவை வேறு ஏதோ ஒன்று கட்டுப்படுத்தினால் மெல்லியது பாகங்களுக்கு நல்லது. பலம்தான் வந்து விழுகிறது, வளைவைத் தடுக்க ஆள் இல்லை என்றால் மெல்லியது கெட்டது. அப்போது மேற்பரப்பு இறுக்கம் 0.8இல் 1.6ஐப் போல நான்கு மடங்கு. “மெல்லிய போர்டு கெப்பாசிட்டரை உடைக்கும்”, “உடைக்காது” என்று இரண்டு கட்சியாகப் பேசுபவர்கள் இரண்டு வெவ்வேறு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கைபேசிக்குள் சட்டத்தில் பதித்து, திருகி, மேலே தகடு மூடிய 0.6 போர்டு வருடக்கணக்கில் ஓடுகிறது. அங்கே வளைவைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நாலு மூலையில் தொங்கும் 0.6க்கு அந்த வசதி இல்லை.

இதிலிருந்து வரும் வேலைகள் எளிமையானவை. கையால் செருகும் கனெக்டருக்கு நேர் அடியில் ஒரு தூண். பீங்கான் கெப்பாசிட்டர்களைத் திருகிலிருந்தும் பலகை ஓரத்திலிருந்தும் தள்ளி வைப்பது. ஓரத்தில்தான் வைத்தாக வேண்டுமென்றால் நீளவாக்கு ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். பெரிய பலகையானால் நடுவில் இன்னொரு திருகு. இவற்றைச் செய்ய இடமில்லை என்றால் தடிமனைக் கூட்டுவது தவிர வேறு வழியில்லை.

அடுப்பும் தண்டவாளமும்

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைச் சாலையில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006இல் நோக்கியா அங்கே கைபேசி ஆலை தொடங்கியது, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஃபாக்ஸ்கான், சாம்சங், ஃப்ளெக்ஸ் என்று அந்தப் பக்கம் இன்றைக்கு நாட்டின் பெரிய மின்னணு ஆலை வட்டாரங்களில் ஒன்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஷிஃப்ட் பஸ்ஸில் போய்ச் சேரும் இடம். மெல்லிய போர்டைத் தினமும் கையாளுகிறவர்கள் அவர்களே.

பாகம் பொருத்தும் வரிசையில் பலகை இரண்டு ஓரங்களில் மட்டும் பிடிபட்டு, சோல்டரை உருக்கிப் பாகங்களை ஒட்டும் ரீஃப்ளோ அடுப்புக்குள் போகிறது. ஈயமில்லாச் சோல்டருக்கு உச்ச வெப்பம் சுமார் 245 முதல் 250 டிகிரி செல்சியஸ். சாதாரண எஃப்ஆர்-4இன் பிசின் 130, 140 டிகிரியிலேயே விறைப்பை விட்டுத் தளரத் தொடங்கும். உயர்தரம் 170ஐத் தாண்டும். ஆக உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பலகையும் கொஞ்சம் ரப்பர்தான். 1.6 சமாளிக்கும். 0.6 நடுவில் தொட்டில் கட்டும். குளிரும்போது சோல்டர் இறுகி, தொய்வு அப்படியே நிலைத்துவிடும்.

மேற்பரப்புப் பாகங்கள் உள்ள போர்டுக்கு மின்னணுத் துறையின் ஐபிசி தரநிலை அனுமதிக்கும் கோணல் 0.75 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கிறது. 160 மி.மீ. நீளப் பலகையில் அது 1.2 மி.மீ. சோல்டர் பேஸ்ட் பூசும் ஸ்டென்சிலின் தடிமனோ 0.1, 0.12 மி.மீ. அளவுதான். அதாவது தரநிலையில் தேறிய பலகைகூட, நுண்காலுள்ள பெரிய சிப்புக்குப் போதாமல் போகலாம். அதனால்தான் மெல்லிய போர்டுகளைத் தனியே விடாமல், வெப்பம் தாங்கும் தட்டில் பதித்து அனுப்புகிறார்கள். வரிசையில் அதைப் பேலட் என்பார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப் பேலட், ஓடும் வரிசைக்கு ஏற்றபடி பல எண்ணம். லட்சக்கணக்கில் செய்யும் கைபேசிக்கு அந்தச் செலவு தூசு. ஐம்பது போர்டு செய்யும் ஆளுக்கு அது போர்டு விலையையே விழுங்கிவிடும். 0.6க்குக் கீழே இறங்க நினைக்கும் சிறு தொழில்காரர் முதலில் கேட்க வேண்டிய விலை பேலட்டின் விலை.

ஈரமும் ஒரு விஷயம். எஃப்ஆர்-4 காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும். உறையைப் பிரித்து நாள் கணக்கில் வைத்திருந்த போர்டை அடுப்புக்கு முன்னால் காயவைப்பது நல்லது. அடுக்கிக் காயவைக்கும்போது மேலே சமதளமான பாரம் வேண்டும். இல்லாவிட்டால் காயவைத்ததே கோணலுக்குக் காரணமாகிவிடும்.

போர்டு அடிக்கும் இடத்திலும் மெல்லியதற்குத் தனிக் கவனிப்பு உண்டு. ரசாயனத் தொட்டிகளின் உருளைகளில் மெல்லிய தகடு சிக்கிச் சுருளும். செம்பின் மேல் ஈயக்கலவை பூசி வெப்பக் காற்றால் வழித்தெடுக்கும் முறை மெல்லிய பலகையை அதிர்ச்சிக்குள்ளாக்கிக் கோணலாக்கும், 0.6, 0.4க்குத் தங்க முலாம் பூச்சு கேட்பதே உசிதம். ஒரே தகட்டில் பல போர்டுகளை அடித்து வி-கட் போட்டு ஒடிக்கும் பழக்கமும் இங்கே உதவாது. வி-கட்டில் நடுவே மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும், 0.6இல் அது 0.2 மி.மீ. அடுப்புக்குள்ளேயே அது மடங்கிக்கொள்ளலாம். சுற்றிலும் அறுத்து, சிறு காதுகளில் துளையிட்டு விடுவதே முறை. அந்தத் துளைகளை மவுஸ் பைட் என்கிறார்கள், எலி கடித்த மாதிரியேதான் இருக்கும்.

எதில் செருகப் போகிறது

சில நேரம் தேர்வே நம் கையில் இருக்காது. போர்டின் ஓரமே பிளக்காக வேலை செய்தால் தடிமனைக் கனெக்டர் முடிவுசெய்துவிட்டது. மடிக்கணினியின் எம்.2 கார்டு 0.8. அதற்கு முந்தைய மினி பிசிஐஇ 1.0. பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள் அமரும் டைப்-சி சாக்கெட் தன் தரவுத்தாளிலேயே 0.8 என்றோ 1.0 என்றோ கேட்கும்; வேறு தடிமனில் வைத்தால் உயரம் மாறிப் பெட்டியின் வாயோடு பொருந்தாது. பழைய யுஎஸ்பி பிளக்கைப் போர்டின் நாக்காகவே வெட்டிச் செய்பவர்கள் 1.6இல் செய்துவிட்டு ஆடுகிறதே என்று திகைப்பார்கள். அதற்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டும். மெல்லிய போர்டைப் பற்றிய கட்டுரையில் 1.6ஐயும் தாண்ட வேண்டிய ஒரே உதாரணம் இது.

மின்சாரக் காரணங்களில் பலரும் குழம்புவது ரேடியோ கோட்டில். ஆண்டெனாவுக்குப் போகும் 50 ஓம் தடம், இரண்டு அடுக்கு 1.6 போர்டில் கிட்டத்தட்ட 3 மி.மீ. அகலம் வேண்டும். சிப்பின் கால் 0.25 மி.மீ., தடம் மூன்று மி.மீ.: சந்தில் லாரியைத் திருப்புவது போல. 0.8இல் அதே தடம் 1.5, 0.4இல் 0.75. இரண்டு அடுக்கில் புளூடூத், வைஃபை செய்பவர்கள் 0.8க்கு இறங்க இது உண்மையான காரணம். நான்கு அடுக்கானால் இந்தக் காரணம் செல்லாது. அங்கே கணக்கில் வருவது மேல் செம்புக்கும் அதற்கு அடுத்த தரைச் செம்புக்கும் இடையில் உள்ள துணியின் தடிமன் மட்டுமே. அது 0.11 ஆக இருந்தால், மொத்தப் பலகை 0.8 ஆனாலும் 1.6 ஆனாலும் தடம் சுமார் 0.2 மி.மீ.தான். “ரேடியோ இருக்கிறது, ஆகவே மெல்லிய போர்டு” என்று நான்கு அடுக்குக்குச் சொல்பவர் அடுக்குப் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

துளைகளுக்கு மெல்லியது நல்லது. 0.2 மி.மீ. துளையை 1.6க்குள் இறக்கினால் ஆழம் அகலத்தைப் போல எட்டு மடங்கு, முலாம் அடிவரை சீராக ஏறுவது கடினம். 0.8இல் நாலு மடங்கு. சூடும் துளை வழியாகச் சீக்கிரம் மறுபக்கம் இறங்கும். ஆனால் பக்கவாட்டில் சூட்டைப் பரப்புவது செம்பின் வேலை, அதற்குப் பலகைத் தடிமனால் பெரிய உதவியோ உபத்திரவமோ இல்லை.

0.4க்குக் கீழே இறங்கினால் விறைப்பான பலகை என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது மேல். அங்கே பாலிஇமைடு படலத்தின் ஆட்சி. 25 மைக்ரான் படலம், அதன் மேல் மெல்லிய செம்பு, மேலே மூடு படலம். ஒருமுறை மடித்துப் பொருத்த, ஒற்றை அடுக்குக்கு மொத்தத் தடிமனைப் போல ஆறு மடங்கு வளைவு ஆரம், இரட்டை அடுக்குக்குப் பன்னிரண்டு மடங்கு என்பது பரவலான விதி. பிரிண்டர் தலை போல ஓயாமல் வளைந்து நிமிரும் இடத்தில் நூறு மடங்கு வரை கேட்பார்கள். செம்பை அடுக்கின் நடுவில் வைத்தால் ஆயுள் கூடும், ஏனென்றால் வளைக்கும்போது நடுப்பகுதி நீளுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஜரிகை இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலைச் சுற்றிச் சுருட்டிவிட்டதால், புடவையை மடிக்கும்போது உலோகம் இழுபடாமல் சுருள் மட்டும் திறந்து மூடுகிறது. மடிக்கும் படலத்தின் நுனி கனெக்டரில் செருகும் இடத்தில் மட்டும் அடியில் துண்டு ஒட்டி 0.3 மி.மீ. ஆக்குவார்கள். அந்த 0.3இல் கொஞ்சம் தவறினாலும் தாழ்ப்பாள் பிடிக்காது.

இங்கே, இன்று

நம் நாட்டில் போர்டுக்கான லேமினேட் பெரும்பாலும் இறக்குமதி. 1.6 எப்போதும் இருப்பில் இருக்கும், 0.8 பெரும்பாலும் கிடைக்கும், 0.6, 0.4 கேட்டால் “வரவழைக்கணும்” என்ற பதில்தான் வரும். இந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ.22,919 கோடியில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்த அக்டோபரில் அறிவித்த முதல் ஏழு திட்டங்களில் ஐந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. பல அடுக்கு போர்டுகளோடு செம்பு ஒட்டிய லேமினேட்டும் பட்டியலில் இருக்கிறது. நம் பக்கத்திலேயே கண்ணாடித் துணியைப் பிசினில் தோய்த்து அழுத்தும் நாள் வந்தால், சிறு தொழில்காரருக்கு 0.6 கிடைப்பது எளிதாகும். விலையைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல மாட்டேன்.

என் முடிவுகள் இவை. கனெக்டரோ பெட்டியோ ஒரு எண்ணைக் கேட்டால் அந்த எண், விவாதம் வேண்டாம். இரண்டு அடுக்கில் ரேடியோ தடம் ஓடினால் 0.8. கையில் வைத்திருக்கும், உடம்பில் அணியும் சிறு கருவி, பலகை தீப்பெட்டி அளவு என்றால் 0.8 தாராளம், சிறிய பலகைக்கு விறைப்புக் குறைவு தெரியவே தெரியாது. உள்ளங்கையைவிடப் பெரிய பலகை, கையால் செருகும் கேபிள், அதிர்வு இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் 1.6. எடை குறையும் என்பதற்காக மட்டும் மெல்லியதை எடுப்பது, எங்கள் ஊரில் சொல்வதானால், பேட்டை அறுத்துப் புடவையை லேசாக்குவது. 0.6க்குக் கீழே போகும் முன் போர்டு அடிப்பவரிடமும் பாகம் ஒட்டுபவரிடமும் நேரில் பேசுங்கள். படத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். படத்தில் முடிவுத் தடிமன் செம்போடா, பூச்சோடா, ஏற்ற இறக்கம் எவ்வளவு, எந்தத் துணி, பாவு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். பாவுத் திசையை எழுதும் வடிவமைப்பாளர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த ஊரிலாவது அது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் இப்போது இருப்பது 1.6. மூலைக்கு ஒன்றாக நாலு திருகு, கனெக்டருக்கு அடியில் ஐந்தாவது தூண், கெப்பாசிட்டர் அங்கிருந்து விலகி. இரண்டு ஐப்பசி போய்விட்டது, இழை தப்பவில்லை. பழைய 0.8 என் மேசையில் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதலில் அதைக் கொடுத்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.